குப்பாயி விரல் நீட்டிய பிஞ்சுகள்

திருப்பூர்க்காரர்களுக்கு வாயைத் திறந்தால் ‘ங்க’ வந்து விழுந்துவிடும். தெருக்குழாயில் குடத்துக்குக் குடம் முட்டிக்கொண்டு சண்டை போடுகிறவர்கள்கூட, “ஏனுங்க, உங்களுக்கு வெக்கமே இல்லீங்களா?” என்றுதான் ஆரம்பிப்பார்கள். வேலிக்குள் தலையை விட்ட ஆட்டை “அக்கட்டால போங்க” என்று விரட்டிய புண்ணியவான்களும் இந்த ஊரில் உண்டு. கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கும். ஆனால் நாள் முழுக்க அதையே கேட்டுவிட்டு, தன்னந்தனியாக ஒரு வீட்டில் போய்ப் படுக்கிறவளுக்கு அந்த மரியாதையை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியாது.

ரங்காத்தாள் அப்படிப்பட்டவள். அறுபத்தேழாம் வருடம் அவளுக்கு நாற்பத்தெட்டு வயது. பஞ்சு ஜின்னிங் பேக்டரியில் மூட்டை தூக்கிய புருஷன் போய்ச் சேர்ந்து நாலு வருடம் ஆகியிருந்தது. ஒரே மகன் திருமூர்த்தி பம்பாயில் ஒரு துணிக்கடையில் இருந்தான். பனியன் கம்பெனிக்குப் பின்னால் வரிசையாக ஐந்து ஓட்டு வீடுகள். கடைசி வீடு அவளுடையது. கம்பெனியில் வெட்டிக் கழித்த துணியை மூட்டையாக வாங்கிவந்து, வெள்ளை தனி, சாயம் தனி என்று பிரித்துக் கொடுப்பது அவள் பிழைப்பு. அந்த வரிசையின் சின்னப் பெண்களுக்கு அவள் பெரியம்மா. கம்பெனி மேஸ்திரிக்கு ஆத்தா. மகன் கடிதத்தில் ‘அன்புள்ள அம்மா அவர்களுக்கு’. பெயர் சொல்லிக் கூப்பிட்ட அப்பனும் அண்ணனும் எப்போதோ போய்விட்டார்கள்.

‘ஏ புள்ள’ என்று கூப்பிட உலகத்தில் ஒரே ஒரு ஆள்தான் பாக்கி. அது பக்கத்து வீட்டுக் குப்பாயி.

இரண்டு பேருக்கும் ஒரே வயது. இரண்டு பேரும் அவிநாசிப் பக்கத்துக் கிராமத்துக்காரிகள். ஒரே ஆவணியில் கல்யாணமாகி இந்த வரிசைக்கு வந்து சேர்ந்தவர்கள். குப்பாயியின் புருஷன் சென்னிமலைக்கு அதே பனியன் கம்பெனியில் டெய்லர் வேலை. வீட்டின் பின்புறத்தை இந்தப் பக்கம் பொடக்காளி என்பார்கள். இரண்டு பொடக்காளிக்கும் நடுவே இடுப்பளவு மண்சுவர் ஒன்று. விடிந்ததும் அதன்மேல் முழங்கையை ஊன்றிக்கொண்டு குப்பாயி குரல் கொடுப்பாள்.

“ஏ புள்ள, செத்துப்போயிட்டயா? சத்தத்தையே காணோம்.”

“செத்தா மொதல்ல உனக்குத்தான்டி சொல்லியுடுவேன். போய் அடுப்பப் பாரு.”

இந்த இரண்டு வாக்கியம் முடிந்தால்தான் ரங்காத்தாளுக்கு அன்றைய பொழுது விடிந்த மாதிரி இருக்கும்.

குப்பாயிக்குப் பிள்ளை தங்கவில்லை. இரண்டு, வயிற்றிலேயே போனது. மூன்றாவது பெண் குழந்தை; பதினோரு மாதம் இருந்து, சுவரைப் பிடித்து நடக்கப் பழகிய வாரத்தில் காய்ச்சல் கண்டு போனது. அன்றைக்கு அதைக் குளிப்பாட்டித் துணி சுற்றிக் கொடுத்தவள் ரங்காத்தாள்தான். அதற்கப்புறம் பதினெட்டு வருடத்தில் ஒரு நாளும் இருவரும் அதைப் பற்றிப் பேசிக்கொண்டதில்லை.

அந்த வருடம் வைகாசியில் மகனிடமிருந்து கடிதம் வந்தது. குப்பாயி மூன்றாம் வகுப்பு வரை படித்தவள். எழுத்துக் கூட்டிப் படித்து, இடையிடையே தன் சரக்கையும் சேர்த்துச் சொல்வாள். தீபாவளிக்கு வருகிறேன், அரசாணிக்காய் பொரியல் தின்று ஐந்து வருடம் ஆயிற்று என்று எழுதியிருந்தான். மற்ற ஊரில் பரங்கி என்பதுதான் இங்கே அரசாணி. சந்தையில் கீற்றுப் போட்டு விற்கிறார்கள், வாங்கிப் பொரித்துக் கொடுத்தால் தீர்ந்தது. ஆனால் பெற்றவளுக்குப் புத்தி அப்படிப் போகுமா? தன் பொடக்காளியில் காய்த்ததைத்தான் அவன் தின்ன வேண்டும் என்று ரங்காத்தாள் ஒற்றைக் காலில் நின்றாள். ஆடிப் பதினெட்டுக்குக் குழி எடுத்து, சாணமும் சாம்பலும் போட்டு, மூன்று விதை ஊன்றினாள்.

வானம் அந்த வருடம் பைத்தியம் பிடித்துத் திரிந்தது. ஆடிக் காற்று ஆவணி பாதி வரைக்கும் அடங்கவில்லை. இரண்டு செடியை வேரோடு புரட்டிப்போட்டது. மிஞ்சிய ஒன்றுக்குக் கழிவுத் துணி மூட்டையைச் சுற்றிலும் அடுக்கி மறைப்புக் கட்டினாள். காற்று நின்றதும் வெயில். கிணற்றுத் தண்ணீர் வாயில் வைக்க முடியாத உப்பு. அதை ஊற்றினால் இலை ஓரம் கருகியது. அரிசி களைந்த தண்ணீரையும் முகம் கழுவின தண்ணீரையும் சேர்த்துவைத்து ஊற்றினாள். சிவப்பு வண்டு வந்து இலையைச் சல்லடையாக்கியது. அடுப்புச் சாம்பலைத் தூவினாள். புரட்டாசி பிறந்ததும், யார் கேட்டார்களோ, நாலு நாள் விடாமல் மழை. இலையெல்லாம் மாவு அப்பியது போல வெளுத்தது. அந்த இலைகளைக் கிள்ளிப்போட்டாள். இத்தனைக்கும் தப்பி, பனியன் துணிக் கீற்றால் கட்டிய கயிற்றைப் பிடித்து, கொடி குளியலறை ஓட்டின்மேல் ஏறிவிட்டது.

முதலில் வந்தது முழுக்கக் காய் பிடிக்காத பொய்ப்பூ. மஞ்சள் மஞ்சளாக விரியும், மறுநாள் உதிரும்.

“உன்ற கொடி சினிமாக்காரியாட்ட மினுக்கிட்டே திரியுது புள்ள. குடித்தனம் பண்ணுமான்னு தெரியல” என்றாள் குப்பாயி சுவருக்கு அந்தப் பக்கமிருந்து.

“கண்ணு வெக்காம இருடி.”

பத்து நாளில் பிஞ்சு பிடித்தது. பிஞ்சைச் சுட்டுவிரல் நீட்டிக் காட்டக் கூடாது, காட்டினால் அழுகிப்போகும் என்பது இங்கே பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். காட்டித்தான் ஆக வேண்டுமென்றால் விரலை மடக்கி முட்டியால் காட்ட வேண்டும். குப்பாயிக்கும் இது தெரியும். ஆனால் அவள் சந்தோஷம் வந்தால் தலைகால் புரியாத பிறவி. சுவரைத் தாண்டி ஓடி வந்து, ஓட்டை அண்ணாந்து பார்த்து, “ஒண்ணு, ரெண்டு, மூணு... ஐயோ புள்ள, ஏழு இருக்குது!” என்று விரலை நீட்டி நீட்டி எண்ணிவிட்டாள். ரங்காத்தாளுக்குச் சுருக்கென்றது. ஆனாலும் வாயை மூடிக்கொண்டாள்.

மூன்றாம் நாள் ஒரு பிஞ்சு நுனி மஞ்சளாகி, தொட்டதும் கையோடு வந்தது. அடுத்த நாள் இன்னொன்று. ஒரு வாரத்தில் ஐந்து போய், மிஞ்சியது இரண்டு. அழுகியதைக் கையில் வைத்துப் பார்க்கவும் அவளுக்கு மனம் வரவில்லை. ஒவ்வொன்றையும் சாக்கடைப் பக்கம் வீசினாள். சொல்லவில்லையே தவிர, ஒவ்வொரு தடவை வீசும்போதும் அந்த விரல் அவள் கண்முன் வந்தது.

அந்த நேரம் பார்த்துத்தான் மகனிடமிருந்து அடுத்த கடிதம் வந்தது. குப்பாயி துவைக்கிற கல்மேல் உட்கார்ந்து படித்தாள். வழக்கத்துக்கு மாறாகச் சொந்தச் சரக்கு எதையும் சேர்க்கவில்லை. தீபாவளிதான் கடையில் வியாபார நேரமாம், முதலாளி லீவு தரவில்லையாம், பொங்கலுக்கும் சந்தேகம்தானாம். ரங்காத்தாள் முந்தானையைத் திருகிக்கொண்டு நின்றாள்.

குப்பாயிக்கு அந்த முகத்தைப் பார்க்கச் சகிக்கவில்லை. பேச்சை மாற்றினால் போதும் என்று எழுந்தாள்.

“அது கெடக்குது உடு புள்ள. வராட்டி நாம ரெண்டு பேரும் பொரிச்சுத் திம்போம். அதா பாரு, ரெண்டு ஜோராக் கெடக்குது” என்று ஓட்டைப் பார்த்து விரலை நீட்டினாள்.

“கைய மடக்குடி!”

ரங்காத்தாள் போட்ட சத்தத்தில் ஓட்டின்மேல் இருந்த காக்கை பறந்தது. குப்பாயி திகைத்து, சிரிக்கலாமா என்று யோசித்தாள்.

“ஏ, என்ன புள்ள இப்படிக் கத்தறே?”

“கத்தாம என்ன பண்றது? ஆடியில இருந்து நாய் படாத பாடு பட்டுக் காப்பாத்துனேன். காத்துல போகல, வெயில்ல போகல, வண்டுல போகல. உன்ற வெரலுக்குத்தான் போச்சு. நீ வெரலை நீட்டுன பிஞ்சு எதுடி இதுவரைக்கும் தங்கியிருக்குது?”

சொன்ன மாத்திரத்தில் ரங்காத்தாளுக்கே காது அடைத்துப்போயிற்று. அவள் அரசாணியைத்தான் சொன்னாள். ஆனால் அந்த வார்த்தை போய்ச் சேர்ந்த இடம் வேறு என்று அவளுக்குத் தெரிந்தது. அப்போதே காலில் விழுந்திருந்தால்கூட ஏதாவது நடந்திருக்கலாம். பாழாய்ப்போன ரோஷம் விடவில்லை. மகன்மேல் வந்த கோபத்தை மகனிடம் காட்ட முடியாமல், எதிரில் நின்றவள்மேல் கொட்டிவிட்டு, விறைத்துக்கொண்டு நின்றாள்.

குப்பாயி நீட்டிய விரலை ஒருமுறை பார்த்தாள். மெல்ல மடக்கினாள். கடிதத்தைத் துவைக்கிற கல்மேல் வைத்து, காற்றில் பறக்காமலிருக்கச் சோப்புக்கட்டியை மேலே வைத்தாள். எப்போதும் தாண்டுகிற சுவரை அன்று தாண்டவில்லை. ரங்காத்தாள் வீட்டுக்குள் புகுந்து முன்வாசல் வழியாகச் சுற்றிக்கொண்டு போனாள்.

மறுநாள் காலையில் சுவருக்குமேல் குரல் வரவில்லை. தெருக்குழாயில்தான் இருவரும் பார்த்துக்கொண்டார்கள். வரிசையில் முன்னால் நின்ற குப்பாயி தன் குடத்தை நகர்த்தி வழிவிட்டாள்.

“புடிச்சுக்குங்க. நான் பொறவு புடிச்சுக்கறனுங்க.”

இருபத்தைந்து வருடத்தில் குப்பாயி அவளிடம் சொன்ன முதல் ‘ங்க’ அது. திட்டியிருந்தால் பதிலுக்குத் திட்டியிருக்கலாம். இதற்கு என்ன பதில் சொல்வது? ரங்காத்தாள் பாதிக் குடத்தோடு வீட்டுக்கு வந்துவிட்டாள்.

‘இருக்கட்டும். எத்தனை நாளைக்கு இப்படி இருப்பாள், பார்க்கலாம்’ என்று இரண்டு வாரம் ஓட்டினாள். குப்பாயி பேசாமல் இருக்கவில்லை, அதுதான் கொடுமை. “சாப்டீங்களா?” என்பாள். “வெயில்ல நிக்காதீங்க” என்பாள். பேச்சில் ஒரு குறை சொல்ல முடியாது. ஒரு நாள் பொறுக்க முடியாமல் சுவரோரம் போய், “ஏ குப்பாயி” என்று பழைய மாதிரி கூப்பிட்டுப் பார்த்தாள். “சொல்லுங்க” என்று கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றாள் அவள். “ஒண்ணுமில்ல” என்று ரங்காத்தாள் திரும்பிவிட்டாள்.

தீபாவளி வந்தது. ரங்காத்தாள் ஒரு பலகாரமும் சுடவில்லை. குப்பாயி வீட்டிலிருந்து அவள் புருஷன் சென்னிமலை ஒரு தட்டில் முறுக்கு கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனார். முன்பெல்லாம் குப்பாயி அடுப்படிக்கே வந்து அவள் வாயில் திணிப்பாள். பம்பாயிலிருந்து வந்த கடிதத்தை ரங்காத்தாள் தபால்காரரிடமே படிக்கச் சொன்னாள். அவர் சைக்கிளில் ஒரு காலை வைத்துக்கொண்டே மூச்சு விடாமல் படித்து முடித்தார். மகன் என்ன எழுதியிருந்தான் என்பது அவர் தெருமுனை திரும்புவதற்குள் அவளுக்கு மறந்துவிட்டது.

மிஞ்சின இரண்டு பிஞ்சும் அழுகின. ஐப்பசியில் புதிதாக நாலு பிடித்தது. அவற்றை யார் கண்ணிலும் காட்டவில்லை. கொடிக்குப் பக்கத்தில் பழைய செருப்பையும் கரி பூசிய சட்டியையும் கட்டினாள். விரல் நீட்ட ஒரு ஆள் இல்லை, எண்ண ஒரு ஆள் இல்லை. அவற்றிலும் ஒன்று நுனி மஞ்சளாகி விழுந்தது.

ரங்காத்தாள் இந்தத் தடவை அதை வீசவில்லை. துவைக்கிற கல்மேல் வைத்து அரிவாள்மனையால் இரண்டாக அறுத்தாள். உள்ளே கூழாகிக் கிடந்தது. அந்தக் கூழில் அரிசிக் குருணை அளவுக்கு வெள்ளைப் புழுக்கள் நெளிந்தன. தோலைத் திருப்பிப் பார்த்தாள். ஊசியால் குத்தினது போல ஒரு பொட்டு.

“அடி பாவி” என்றாள் வாய்விட்டு. அது அவளுக்கு அவளே சொல்லிக்கொண்டது. ஒரு பிஞ்சையாவது அன்றைக்கே அறுத்துப் பார்த்திருக்கக் கூடாதா என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதாள்.

சந்தையில் விதைக்காரரிடம் கேட்டபோது அவர் சாதாரணமாகச் சொன்னார். “காய் ஈங்க ஆத்தா. ஊசியாட்டக் குத்தி முட்டை வெச்சுட்டுப் போயிருமுங்க. மழையும் வெயிலும் மாறி மாறி அடிச்சா இதுதானுங்க. பிஞ்சுலயே துணி சுத்தி உட்ருங்க.”

துணிக்கா அவள் வீட்டில் பஞ்சம்? பனியன் துணி மிஷினிலிருந்து குழாய் மாதிரி வரும். கழிவு மூட்டையில் அப்படிக் குழாய்த் துண்டுகளாகத் தேடி எடுத்து, மிஞ்சின மூன்று பிஞ்சுக்கும் மாட்டி, இரண்டு முனையையும் நூலால் கட்டினாள். கட்டும்போது மகன் ஞாபகம் வரவில்லை. ஒரே ஒரு காயாவது முற்றினால், அதைக் கொண்டுபோய் குப்பாயி மடியில் வைத்து, ‘உன்ற வெரல் ஒண்ணும் பண்ணலடி, ஈதான்டி’ என்று சொல்லிவிட வேண்டும். வெறுங்கையோடு போய்ச் சொல்ல அவளுக்குத் தைரியம் இல்லை. குப்பாயி வாயால் மறுபடி ஒரு ‘ஏ புள்ள’ கேட்டுவிட்டால் போதும், அப்புறம் இந்தக் கொடியை ஆடு தின்றாலும் கவலையில்லை என்று நினைத்தாள்.

வானம் விடுவதாக இல்லை. ஐப்பசியில் பெய்ய வேண்டிய மழை கார்த்திகையில் கொட்டியது. நனைந்த துணி காயோடு ஒட்டிக்கொண்டால் அதுவே அழுக வைத்துவிடும் என்று, ஒரு நாளைக்கு மூன்று தரம் ஏணி போட்டு ஏறி, ஈரத் துணியைக் கழற்றி உலர்ந்ததை மாட்டினாள். வழுக்கி விழுந்து முழங்கையைப் பெயர்த்துக்கொண்டாள். அப்படியும் இரண்டு போயிற்று. ஒன்று நின்றது. துணியைப் பெரிதாக்கிக்கொண்டே போக வேண்டியிருந்தது. மார்கழிக் கடைசியில் அது காவி நிறத்துக்குத் திரும்பி, காம்பு காய்ந்து, தட்டினால் கணீரென்றது.

அன்று மத்தியானமே தலை சீவி, முகம் கழுவி, காயை இடுப்பில் வைத்துக்கொண்டு முன்வாசல் வழியாகப் போனாள்.

“வாங்க, வாங்க” என்று எழுந்தாள் குப்பாயி. பாய் விரித்தாள். காப்பி போட்டு, டம்ளரைத் துடைத்து, இரண்டு கையாலும் நீட்டினாள்.

ரங்காத்தாள் காப்பியைத் தொடவில்லை. காயைக் கீழே வைத்துவிட்டு, வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்ததைக் கொட்டினாள். “குப்பாயி, அது ஈடி. காய் ஈ. நானே அறுத்துப் பாத்தேன், உள்ள பூராப் புழு. நீ வராதப்பவும் அழுகிச்சு. உன்ற வெரல் ஒண்ணுமே பண்ணல. எனக்குப் புத்தி கெட்டுப்போச்சு. மகன் வராத ஆத்தரத்துல சொல்லிப்போட்டேன்.”

குப்பாயி காயைத் தடவிப் பார்த்தாள். முழுக் கையால்தான் தடவினாள், விரலை மடக்கியே வைத்திருந்தாள்.

“நல்லா வெளைஞ்சிருக்குதுங்க” என்றாள். பிறகு, கோபமில்லாமல், சந்தேகம் கேட்கிறவள் மாதிரி கேட்டாள். “அரசாணிக்குப் புழுதான்னு தெரிஞ்சுபோச்சுங்க. என்ற மூணுக்கும் என்னன்னு ஆருங்க பாத்துச் சொல்லுவாங்க?”

ரங்காத்தாள் தலையைக் குனிந்துகொண்டாள்.

“பதினெட்டு வருசமா நான் அத நெனைக்காம இருந்தனுங்க. அவரும் ஒரு சொல்லு சொன்னதில்லீங்க, என்ற மாமியாகூடச் சொன்னதில்லீங்க. இப்ப சோத்துல கை வெச்சாலும் இந்த வெரலத்தான் பாக்கறனுங்க.”

“என்னைய அடிச்சுப்போடுடி. செருப்பால வேணாலும் அடி. ஒருக்காத் திட்டிப்போடு” என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள் ரங்காத்தாள்.

“ஐயோ, என்னுங்க இது. அழுகாதீங்க.” குப்பாயி கையை உருவிக்கொள்ளவில்லை, அவளாக விடும்வரைக்கும் காத்திருந்தாள். “உங்களத் திட்டறதுக்கு நான் ஆருங்க? நீங்க பெரியவங்க.”

இரண்டு பேருக்கும் மூன்று மாதம்தான் வித்தியாசம். அதிலும் மூத்தவள் குப்பாயி.

குப்பாயி எழுந்துபோய் அரிவாள்மனையைக் கொண்டுவந்து காயைச் சரிபாதியாகப் பிளந்தாள். உள்ளே நல்ல மஞ்சள்; ஒரு சொத்தை இல்லை. ஒரு பாதியைத் தன் பக்கம் வைத்துக்கொண்டு, மறுபாதியை ஒரு துணியில் சுற்றி நீட்டினாள்.

“எங்க ரெண்டு பேருக்கு இத்தன பெருசு ஆகாதுங்க. நீங்களும் பாதி கொண்டுபோங்க. காப்பி ஆறுதுங்க, குடிச்சுப்போட்டுப் போங்க.”

ரங்காத்தாள் ஆறின காப்பியை ஒரே மூச்சில் குடித்தாள். பாதிக் காயை வாங்கிக்கொண்டாள். குப்பாயி வாசல்வரை கூட வந்து, படியில் பாசி வழுக்கும் என்று கையைப் பிடித்து இறக்கிவிட்டாள்.

“பாத்துப் போங்க” என்றாள்.

“சரிங்க” என்றாள் ரங்காத்தாள்.